மைதானம் எரிஞ்ச ரீமுக்கு நான் போட்ட அட்டவணை

வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு லீவு. இத்தாலியில, பலேர்மோவில வீட்டு வேலை செய்யிற எங்கட சனம் கனபேருக்கு அப்பிடித்தான். ஞாயிறுகளில சனம் இந்த ஊரின்ர காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின்ர கோயில் மலைக்கு ஏறும். வேதக்காரர், சைவக்காரர் எண்ட வித்தியாசம் அங்கை இல்லை. நானும் ஏறித் திரிஞ்சனான். இப்ப போறேல்லை. போனா ஒவ்வொரு வளைவிலயும் ஆராவது நிண்டு, "என்ன, குடும்பம் எப்ப வருது? இல்லாட்டி நீங்கள் அங்கை போறியளோ?" எண்டு கேப்பினம். அக்கறையிலதான் கேக்கினம், தெரியும். எண்டாலும் மூச்சு வாங்க ஏறேக்குள்ள அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல என்னாலை ஏலாது. அதால ஒரேத்தோத் தெருவில என்ர வீட்டுக் குசினி மேசையில லப்டொப்பை வைச்சுக்கொண்டு, அமெரிக்காவில எப்பவோ செத்துப்போன ஆக்கள் விளையாடின பேஸ்பால் மச்சுகளுக்கு நாள் குறிச்சுக்கொண்டு இருந்தன்.

விசர் எண்டு நினைப்பியள். நினையுங்கோ. வேலைக்குப் போற வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, நான் ஏதோ சோதினைக்குப் படிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவ. கண் சிவந்து கிடக்கெண்டு, "கனக்கப் படிக்காதை" எண்டு எனக்குக் கோப்பி போட்டும் தந்தவ. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. சொன்னா முழுக்கதையும் சொல்ல வேணும்.

எனக்குப் பேஸ்பால் தெரிஞ்சது மகளால. அவள் இஞ்சை பள்ளிக்கூடத்தில படிக்கேக்குள்ள, ஒரு ரீச்சர் பொம்பிளைப் பிள்ளையளைச் சேர்த்து அந்த விளையாட்டைப் பழக்கினவ. வியாழன் பின்னேரங்களில நான் போய் வேலிக்கு வெளியில நிண்டு பாப்பன். கிரிக்கெட் மட்டும் தெரிஞ்ச எனக்கு முதல் நாள் ஒரு கோதாரியும் விளங்கேல்லை. பந்தை அடிச்சுப்போட்டு மட்டையை எறிஞ்சிட்டு ஓடுறாளவை. "மட்டையையும் கொண்டு ஓடு பிள்ளை" எண்டு நான் கத்தியே போட்டன். மற்றத் தாய் தகப்பன்மார் எல்லாம் என்னைத் திரும்பிப் பாத்திச்சினம். மகள் அண்டைக்கு என்னோடை கதைக்காமல்தான் வீட்டை வந்தவள்.

பிறகு அவளே லப்டொப்பில அந்த விளையாட்டு ஒண்டை ஏத்தினாள். அதில நாங்கள் பந்தை அடிக்கிறேல்லை. பழைய காலத்து ஆட்டக்காரரின்ர கணக்குகள் எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். ஒரு ரீமை எடுத்து, இண்டைக்கு ஆர் பந்து எறியிறது, ஆர் முதல் அடிக்கிறது எண்டு நாங்கள் முடிவெடுத்தா, மிச்சத்தைக் கொம்பியூட்டரே ஆடிக் காட்டும். அவள் ஒரு ரீம், நான் ஒரு ரீம். சோறு தின்னத் தின்ன, கை கழுவாமல் ஆடுவம். மனுசி வந்து தகப்பனுக்கும் மகளுக்கும் சேர்த்துப் பேசுவா. அந்தக் காலத்தில இந்த வீட்டுக்குள்ள சத்தத்துக்குக் குறைவில்லை.

பிறகு ரெண்டு பேரும் இங்கிலாந்துக்குப் போட்டினம். பலேர்மோத் தமிழ்ச் சனத்தில அரைவாசி அப்பிடித்தான் போனது. பிள்ளை இங்கிலீசில படிக்கோணும், மனுசியின்ர தங்கச்சி அங்கை இருக்கிறா, இத்தாலிப் பாஸ்போட் கையில கிடைச்சிட்டுது, வேற என்ன வேணும்? ஒராள் உழைக்கோணும் எண்டு நான் நிண்டன். ஒரு வருஷம் எண்டுதான் கதை. வருஷம் ஒண்டாகி, கனக்கவாகிட்டுது. நான் அங்கை போய் இருக்கிறதுக்கு விசாப் பேப்பர் வழி இருக்கெண்டு சொல்லுகினம். முதல் ரெண்டு வருஷம் அதைப்பற்றி ரெலிபோனில நெடுகக் கதைச்சம். பிறகு ஒரு கிழமை ஆரும் கதைக்கேல்லை. அதுக்குப் பிறகும் ஆரும் அந்தக் கதையை எடுக்கேல்லை.

ஒவ்வொரு ஆகஸ்ட்டிலயும் அவை இஞ்சை வருவினம். அதுக்காகத்தான் மூண்டு அறை வீட்டை விடாமல் வைச்சிருந்தன். போன ஆகஸ்ட் வந்த மகள் வளந்த பிள்ளை. வெக்கைக்குப் பயந்து பகல் முழுக்க போனோடை படுத்துக் கிடந்தாள். என்னோடை கதைக்கிறதெண்டா, "ஓம் அப்பா", "இல்லை அப்பா". அவ்வளவுதான். போறதுக்கு முதல்நாள் நான் சும்மா லப்டொப்பைத் திறந்து வைச்சன். வந்து பக்கத்தில இருந்தாள். ஒரு மச் ஆடினம். என்ர ரீமை அடிச்சு நொறுக்கிப்போட்டுச் சிரிச்சாள். பழைய சிரிப்பு அது. பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு, "மா கே நோயா, அப்பா" எண்டாள். சலிப்பாம். "பெரிய ரீம் எல்லாம் ஒரே மாதிரி. ஆருக்கும் தெரியாத சின்ன ஊர் ரீமுகளெண்டா பம்பலா இருக்கும்."

அவள் யோசிச்சுச் சொன்னாளோ, வாய்க்கு வந்ததைச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. நான் அதைப் பிடிச்சுக்கொண்டன். அடுத்த ஆகஸ்ட் அவள் வரேக்குள்ள சின்ன ஊர் லீக் ஒண்டு முழுசா இருக்கோணும். அப்ப அவள் ஒரு நாளில்லை, ஒரு மாதமும் என்ர பக்கத்தில இருப்பாள். உண்மையைச் சொன்னா, என்ர மனசில இருந்தது அது ஒண்டுதான். பேஸ்பால் எல்லாம் பிறகு.

அமெரிக்காவில பெரிய லீக்குகளுக்குக் கீழ சின்ன லீக்குகள் கனக்க இருந்திருக்கு. நான் எடுத்தது ரெண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின காலத்து லீக் ஒண்டு. ஆறு ஊர். சுரங்கம் வெட்டுற ஊர், சோளம் விதைக்கிற ஊர், ரெயில் நிண்டு போற ஊர். ஆட்டக்காரரின்ர கணக்குகளை ஆரோ புண்ணியவான் ஏற்கெனவே சேர்த்து வைச்சிருந்தார். இல்லாதது அட்டவணை. எந்த நாள், எந்த ரீம், எந்த ஊருக்குப் போய் ஆடினது எண்டது ஒரு இடத்திலயும் ஒழுங்கா இல்லை. அது இல்லாட்டி கேம் ஓடாது. அந்த ஊருகளின்ர பழைய பேப்பருகளைப் படம் பிடிச்சு இணையத்தில போட்டிருக்கினம். அதைப் பெருப்பிச்சுப் பாத்து, கறுப்பு மைக்குள்ள ஒரு வரி, ரெண்டு வரி எண்டு தேட வேணும். மழையால நிண்ட மச்சை எண்டைக்கு ஆடினவை எண்டு கண்டுபிடிக்கவே சிலவேளை ரெண்டு வியாழன் போகும். மண்டை விறைச்சுப் போகும். எண்டாலும் நேரமும் போயிடும். வீட்டில சத்தம் இல்லையெண்டது அந்த நேரத்தில தெரியாது.

இந்தக் கேமுக்கெண்டு உலகம் முழுக்க ஆக்கள் இருக்கிற ஒரு இணையக் குழு இருக்கு. அங்கை ஒரு அமெரிக்க மனிசன்தான் அட்டவணையளைப் பாத்து, சரி பிழை சொல்லி, பொதுவில சேர்க்கிறவர். எனக்கு எழுத்து இங்கிலீஸ் மட்டுமட்டு. கொம்பியூட்டரைக் கொண்டு மொழிபெயர்த்துத்தான் அவரோடை கதைப்பன். முதல் ரெண்டு மாத அட்டவணையை அனுப்பினன். அவர் பாத்திட்டு மரியாதையா ஒரு கேள்வி கேட்டார். பேப்பர் கிடைக்காத கிழமைகளில மட்டும் உங்கட ஆறு ரீமும் வியாழனும் ஞாயிறும் ஓய்வெடுக்குதே, அது ஏன் எண்டு.

நான் திரும்பப் போய்ப் பாத்தன். மெய்தான். பேப்பர் இல்லாத கிழமைகளை ஊகத்தில நிரப்பேக்குள்ள என்ர கை தன்ரபாட்டில எங்கட லீவு நாளைப் போட்டிருக்கு. அந்த லீக்கில ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய ஆட்ட நாள். கடை கண்ணி பூட்டி, சுரங்கம் பூட்டி, சனம் முழுக்க மைதானத்துக்கு வாற நாள். ஒரே ரிக்கற்றுக்கு ரெண்டு மச் ஆடுவினம். நான் அந்த நாளில எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிப்போட்டன். தனிய இருந்து சிரிச்சன். ஆருக்காவது சொல்லிச் சிரிக்கோணும் போல இருந்தது. மனுசிக்கு எடுத்தன், வேலையில நிக்கிறா, கட் பண்ணிப்போட்டா. மகளுக்கு எழுதினன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு சிரிக்கிற முகம் வந்தது.

பங்குனியில மனுசி வீட்டுக் கதையைத் தொடங்கினவ. "இஞ்சருங்கோ, ஒராளுக்கு என்னத்துக்கு மூண்டு அறை? எங்கட பொடியளோடை சேர்ந்து ஒரு அறை எடுக்கலாம்தானே. சமையலும் சேர்ந்து முடியும்."

"அப்ப நீங்கள் ஆகஸ்ட்டில வந்தா?"

"வந்தா ஒரு விடுதியில நிண்டிட்டுப் போறம். இப்ப பலேர்மோவில விடுதிக்கே பஞ்சம்? நீங்களும் விடுதிக்கு வந்து எங்களோடை நில்லுங்கோவன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ர பிள்ளை பிறந்து வளந்த ஊரில விடுதியில வந்து நிக்கிறதோ? நீர் என்ன கதை கதைக்கிறீர்?" எண்டு கத்தினன். அவ கத்தேல்லை. "நீங்கள் தனிய இருந்து காயிறியள் எண்டுதான் சொன்னனான்" எண்டவ. அவ சொன்னது நல்லதுக்குத்தான். நான் போனை வைச்சிட்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு தரமும் கதை முடியிற நேரம், "ஆகஸ்ட் முடியட்டும், வீட்டைப் பற்றி அப்ப பாப்பம்" எண்டு நானே சொல்லிச் சமாளிச்சுக்கொண்டு வந்தன்.

அந்த நாளையிலதான் அட்டவணையில ஆடி மாதத்துக்கு வந்து சேந்தன். ரெயில் நிண்டு போற ஊர்ப் பேப்பரில ஒரு சின்னச் செய்தி. அவையின்ர மைதானம் எரிஞ்சு போச்சு. சனம் இருந்து பாக்கிற மேடை முழுக்க மரப்பலகை, ஒண்டும் மிஞ்சேல்லை. திருப்பிக் கட்ட ஊரிட்டை வழியில்லை. ரீமைக் கலைக்காமல், மிச்ச மச்சுகளை மற்ற ஊருகளிலயே ஆடி முடிக்கிறதெண்டு முடிவெடுத்திருக்கினம். அதுக்குப் பிறகு அந்த ரீம் வீட்டை வரேல்லை. ஆடி, ஆவணி, புரட்டாதி வரைக்கும் பஸ்சில ஊர் ஊரா.

அந்த விளையாட்டில ஒரு முறை இருக்கு. வெளியூர் ரீம்தான் முதல் அடிக்கும். கடைசி அடி வீட்டுக்கார ரீமுக்கு. தோக்கிற மச்சைக் கடைசியா ஒருக்கா திருப்பிப் பாக்கிற சந்தர்ப்பம் அவைக்குத்தான். மைதானம் எரிஞ்ச பிறகு இந்த ரீமுக்கு ஒரு நாளும் கடைசி அடி கிடைக்கேல்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதல் அடிச்சுப்போட்டு, மற்றவன் என்ன செய்யிறான் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறதுதான்.

செய்தியை நான் வடிவா வாசிச்சனான். வாசிச்சும், அட்டவணையில அவைக்குச் சொந்த ஊர் மச்சுகளைப் போட்டன். நெருப்புப் பிடிக்க முதல் லீக் பேப்பரில போட்டிருந்த திட்டத்தில இருந்தபடி, ஆவணியில ஒரு கிழமை, புரட்டாதியில ஒரு கிழமை. கேமுக்கு நெருப்புத் தெரியாது, மைதானம் இருக்கெண்டு சொன்னா இருக்கும். ஒருக்காலாவது அவை சொந்தச் சனத்துக்கு முன்னால நிண்டு ஆடட்டும் எண்டு நினைச்சன். ஆருக்கு என்ன நட்டம்?

அமெரிக்க மனிசன் பிடிச்சிட்டார். அந்த நாளுகளில இந்த ரீம் வேற ஊரில ஆடினதுக்கு அவரிட்டைப் பேப்பர் இருந்தது. எனக்குக் கோவம் வந்திட்டுது. திட்டத்தில இருந்ததைத்தானே போட்டனான் எண்டு எழுதினன். அவர், திட்டமெண்டா திட்டம் எண்டு பேர் போடுங்கோ, நடந்ததெண்டா நடந்ததைப் போடுங்கோ, ரெண்டையும் கலக்க வேண்டாம் எண்டு ஆறுதலா எழுதினார். நான் விடேல்லை. மைதானம் எரிஞ்சா ஊர் இல்லாமல் போயிடுமோ, அந்த ஆக்களுக்கு வீடு வாசல் இல்லையோ, நீங்கள் பேப்பரை மட்டும்தான் பாப்பியளோ எண்டு கண்டபாட்டுக்கு எழுதி அனுப்பினன். பேஸ்பால் பற்றி எழுதிற குழுவில இப்பிடி ஒரு கடிதம் அவைக்கு வந்திராது.

ஒரு கிழமை பதில் இல்லை. என்னைக் குழுவால தூக்கிப் போடுவினம் எண்டுதான் நினைச்சன். பிறகு ஒரு வரி வந்தது. ஊர் இருந்தது, ஆனா அவை அங்கை ஆடேல்லை எண்டு எழுதியிருந்தார்.

அடுத்த வியாழன் லப்டொப்புக்கு முன்னால இருந்து திருத்தினன். ஒவ்வொரு வரியா அவையின்ர ஊரின்ர பேரை எடுத்து, மற்ற ஊரின்ர பேரைப் போட வேணும். கனக்க வரியில்லை. எண்டாலும் எழும்பி எழும்பித் தண்ணி குடிச்சு, பல்கனியில போய் நிண்டு, பின்னேரம் முழுக்க எடுத்தன். கடைசி வரி முடிய அழுகை வந்திட்டுது. நல்லா அழுதன். கேக்க ஆளில்லை, அதால வாயைப் பொத்தவும் தேவையில்லை. ஒரு அட்டவணைக்கு அழுறவன் இந்தப் பலேர்மோவில நான் ஒராளாத்தான் இருப்பன். அது அட்டவணைக்கு வந்த அழுகை இல்லையெண்டு எனக்கும் தெரியும்.

இந்த வருஷம் ஆடி தொடங்க முதலே வேலை முடிஞ்சுது. மனிசன் பாத்து, சரியெண்டு சொல்லி, பொதுவில சேர்த்துவிட்டார். நன்றியும் சொன்னார். பைலை மகளுக்கு அனுப்பினன். உடன ஒரு குரல் பதிவு வந்தது. "பிராவோ, அப்பா. சின்ன ஊர் லீக்கோ? நான் சொன்னதோ? எனக்கு நினைவே இல்லை. ஆகஸ்ட்டில விளையாடுவம்." நினைவில்லை எண்டதை நான் பெரிசா எடுக்கேல்லை. ஆகஸ்ட்டில விளையாடுவம் எண்டவள்தானே. அந்தக் குரல் பதிவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டன்.

வீட்டைத் துப்பரவாக்கினன். மகளின்ர அலுமாரிக்குள்ள என்ர சேட்டுகள் போய்ச் சேந்து கிடந்தது, அதுகளை எடுத்து வெளியில போட்டன். கபோச் சந்தையில புதுப் படுக்கை விரிப்பு ரெண்டும், நல்ல காத்தாடி ஒண்டும் வாங்கினன். மனுசிக்கு வெக்கை ஒத்துக்கொள்ளாது. சிஞ்ஞோராவிட்டை ஆகஸ்ட்டுக்கு லீவு கேட்டன். குடும்பம் வருகுதெண்டு சொன்ன உடன அவவும் சந்தோஷப்பட்டு, சோதினை எப்பிடி எண்டு கேட்டவ. முடிஞ்சுது, பாஸ் எண்டன்.

ஒரு ஞாயிறு காலமை மனுசி எடுத்தவ. அந்த நேரத்தில அவ எடுக்கிறேல்லை, தங்கச்சியின்ர ஆக்களோடை கோயிலுக்குப் போற நேரம். குரலிலயே ஏதோ எண்டு விளங்கிட்டுது. மகளுக்கு ஒரு கடையில வேலை கிடைச்சிருக்காம். சனி ஞாயிறு மட்டும் எண்டு சேந்தவளை, லீவு காலம் முழுக்க வரச்சொல்லிக் கேட்டிருக்கினம். சிநேகிதப் பிள்ளையளோடை நாலு நாள் எங்கையோ போறதுக்கும் ஒழுங்கு செய்திட்டாள். அவளைத் தனிய விட்டிட்டுத் தான் வர ஏலாதாம்.

"அவளிட்டைக் குடும்" எண்டன்.

மகள் வந்தாள். "அப்பா, சோறி. அந்த லீக்கை இஞ்சை இருந்தே ஒன்லைன்ல விளையாடலாம்தானே. நான் நேரம் கிடைக்கேக்குள்ள மெசேஜ் போடுறன்."

"ஓம் பிள்ளை, அதுக்கென்ன" எண்டன். வேற என்ன சொல்லுறது? அவளில பிழை இல்லை. இந்த வயசில அவளுக்கு ஒரு உலகம் வேணும், அது அங்கை கிடைச்சிருக்கு. அவள் போனைத் தாயிட்டைக் குடுத்திட்டு மற்ற அறைக்குப் போற சத்தம் கேட்டுது. ஆரோடையோ இங்கிலீசில சிரிச்சுக் கதைச்சாள்.

"இனி அந்த வீட்டை விடலாம்தானே" எண்டு மனுசி மெல்லக் கேட்டவ. குத்திக் கேக்கேல்லை. லீவு எடுத்தாச்சு, மாதம் முழுக்க நான் இந்தச் சுவருகளுக்குள்ள என்ன செய்யப் போறன் எண்டு பயம் வந்திட்டுது. வெக்கத்தை விட்டுச் சொல்லிப்போட்டன்.

"அப்ப நான் அங்கை வாறன்."

இத்தினை வருஷமா நான் சொல்லாத சொல் அது. சொன்ன உடன எனக்கே ஒரு நிம்மதி வந்தது. இனி அந்த விசாப் பேப்பர் கதையையும் எடுக்கலாம், வேலையை விடலாம், கோப்பை கழுவியெண்டாலும் பிழைக்கலாம் எண்டு ஒரு நொடியில எல்லாம் ஓடிச்சுது.

மனுசியும் சந்தோஷமாத்தான் சொன்னவ. "ஐயோ, வாங்கோவன். மகளுக்கும் விருப்பமா இருக்கும்." பிறகு கொஞ்சம் யோசிச்சிட்டுக் கேட்டவ. "எத்தினை நாள் நிப்பியள்? சொன்னியளெண்டா, அதுக்கேத்த மாதிரி வீட்டில ஒழுங்கு செய்யலாம்."

நான் ஒரு கிழமை எண்டன்.

"ஓம், ஒரு கிழமையெண்டாச் சமாளிக்கலாம்" எண்டவ.